எப்பிரிவைக் கற்பது?

காவிரியின் கிளைகள் பாயும் தஞ்சை நாட்டுச் சிற்றூர்களில் மே மாதத்தில் இருவகைக் காத்திருத்தல் உண்டு. மேட்டூர் அணையில் நீர் எத்தனை அடி நிற்கின்றது, ஜூன் 12-ஆம் நாள் மதகுகள் திறக்கப்படுமா என்பது உழவர் காத்திருத்தல். பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு யாதாகுமோ என்பது மாணவர் காத்திருத்தல். முன்னதைப் பற்றிப் பேசாத திண்ணை இல்லை. பின்னதைப் பற்றிய பேச்சோ மதிப்பெண் வந்த பின்னரே தொடங்குகின்றது. ஓரிரு நாளில் முடிந்தும் விடுகின்றது. பதினைந்து வயதுப் பிள்ளை அடுத்த ஈராண்டும் எவ்வெப் பாடங்களைக் கற்றல் வேண்டும் என்பது, அடுத்த வீட்டுப் பிள்ளை எதனை எடுத்தது என்று கேட்டறிந்து முடிவு செய்யப்படுகின்றது. நாற்றங்காலுக்கு விதை தெரிந்தெடுக்கும்போது காட்டும் கருத்தில் பாதியேனும் இதற்குக் காட்டப்படுவதில்லை.

திருவையாற்றுப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையிலுள்ள ஒரு வீட்டில் நிகழும் உரையாடல் பல வீடுகளுக்கும் பொருந்தும். நல்ல மதிப்பெண் பெற்ற பெயர்த்தி பாட்டனாரிடம் வந்து நிற்கின்றாள்.

“தாத்தா, கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுக்கட்டுமா? கணினி உள்ள பிரிவை எடுக்கட்டுமா?”

“அப்பாவைக் கேட்டாயா, அம்மா?”

“கேட்டேன், தாத்தா. உன் மதிப்பெண்ணுக்குக் கிடைப்பவற்றுள் உயர்ந்தது எதுவோ அதை எடு என்கிறார்.”

“உயர்ந்தது எது என்று சொன்னாரா?”

“மருத்துவர் ஆவதற்கு உரியது உயர்ந்தது, மற்றவை அதற்குக் கீழ் என்றார்.”

தந்தையார் கூறிய விடையில் அன்பு உண்டு, ஆராய்ச்சி இல்லை. பாடங்களுள் உயர்வு தாழ்வு வகுத்தவர் எவர்? இயற்பியல் தான் உயர்ந்தது என்று எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. தாவரவியல் தான் தாழ்ந்தது என்று ஒப்புக்கொண்டதும் இல்லை. சேரும் கல்லூரியில் இடம் அரிது என்பதனால் ஒரு கல்வி உயர்ந்ததாக எண்ணப்படுகின்றது. நெல்லையே உண்டு, நெல்லையே விற்று வாழும் நாட்டில், வேளாண்மைக் கல்வியை ‘வேறொன்றும் கிடைக்காதவர்க்கு உரியது’ என்று பேசும் வழக்கம் இந்த அளவுகோலினின்றே பிறந்தது. இதனினும் வியப்பான வழக்கம் பிறிதொன்று இருத்தல் அரிது.

இதே சோழநாட்டில், கும்பகோணத்தில், 1925-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் ஒரு மருத்துவர் வீட்டில் ஓர் ஆண் மகவு பிறந்தது. தந்தையார் டாக்டர் எம். கே. சாம்பசிவன். கும்பகோணத்தில் யானைக்கால் நோய் மிகுந்திருந்த காலத்தில், ஊராரைத் திரட்டிக் கொசு பெருகும் இடங்களைத் தூய்மை செய்வித்தவர் அவர். மகனுக்குப் பதினொரு வயதாகும்போது அவர் மறைந்தார். தந்தையின் உடன்பிறந்தார் வளர்த்து வந்தார். மருத்துவர் மகன் மருத்துவனாவான் என்பதே குடும்பத்தார் எண்ணம். மகனும் அதனை மறுக்கவில்லை. உள்ளூரிலே பள்ளிப்படிப்பை முடித்துத் திருவனந்தபுரத்துக் கல்லூரியில் விலங்கியல் கற்கச் சேர்ந்தான். அம்மாணவனே பிற்காலத்தில் உலகம் அறிந்த எம். எஸ். சுவாமிநாதன்.

அவர் கல்லூரியில் இருந்த நாளில், 1943-இல், வங்காளத்தில் கொடும்பஞ்சம் மூண்டது. இருபது இலட்சத்திற்கும் முப்பது இலட்சத்திற்கும் இடைப்பட்ட மக்கள் மாண்டனர் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். கல்கத்தாத் தெருக்களில் மக்கள் வீழ்ந்து கிடந்த செய்தி தென்னாட்டுக் கல்லூரிகளையும் எட்டியது. மருத்துவம் நோயாளியைக் காப்பது. உணவே இல்லாதவனை எம்மருந்து காக்கும்? இவ்வினா இளைஞர் சுவாமிநாதனின் வழியைத் திருப்பியது. விலங்கியலில் பட்டம் பெற்ற பின், மருத்துவக் கல்லூரிக்குச் செல்லாமல், கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் புதிதாக ஒரு மாணவராகச் சேர்ந்தார். ஒரு பட்டம் பெற்றவர் மீண்டும் முதலாண்டு வகுப்பில் அமர்வதைப் பின்னடைவு என்று கருதுவோர் அன்றும் இருந்திருப்பர், இன்றும் இருக்கின்றனர்.

சோதனை அத்துடன் முடியவில்லை. மேற்படிப்புக்குத் தில்லி சென்றிருந்தபோது ஆட்சிப் பணித் தேர்வு எழுதினார். இந்தியக் காவற்பணிக்குத் தேர்வும் பெற்றார். அக்காலத்தில் அத்தகைய பதவியை வேண்டாமெனத் துறப்பவர் எத்தனை பேர்? அதே வேளையில் யுனெஸ்கோவின் உதவித்தொகை பெற்று நெதர்லாந்து நாட்டு வாகனிங்கன் நகரில் உருளைக்கிழங்கின் மரபியலை ஆராயும் வாய்ப்பும் வந்தது. காவல்துறையின் உயர்பதவி ஒருபுறம். அயல்நாட்டில் கிழங்கை ஆராயும் மாணவர் வாழ்க்கை மறுபுறம். அவர் கிழங்கைத் தேர்ந்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் 1952-இல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் விஸ்கான்சினில் ஆய்வு செய்து, அங்கேயே தங்கும் வாய்ப்பிருந்தும், 1954-இல் தாயகம் திரும்பினார்.

திரும்பியவர் முதலிற் பணி செய்தது ஒடிசாவிலுள்ள கட்டாக் நகரத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தில். ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் கலந்து, உரத்தை ஏற்று மிகுதியாக விளையும் வகைகளை ஆக்கும் திட்டம் அங்கே நடைபெற்று வந்தது. அதில் அவர் சில காலமே உழைத்தார். ஆயினும் அத்திட்டத்தின் வழிவந்த வகைகளுள் ஒன்று அவருடைய சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தது என்பது அறியத்தக்கது. கும்பகோணத்திலிருந்து பத்துக் கல் தொலைவுக்குள் இருப்பது ஆடுதுறை. 1922 முதல் அங்கே நெல் ஆராய்ச்சி நடைபெறுகின்றது. அந்நிலையம் 1965-இல் வெளியிட்ட ‘ஆடுதுறை 27’ என்னும் குறுவை நெல் அத்தகைய கலப்பிற் பிறந்ததே. அந்நாளில் குறுவை பயிரிட்ட தஞ்சை உழவர் பலர் அப்பெயரை நன்கு அறிவர். அவ்விதையைச் சுவாமிநாதன் ஆக்கினார் என்பதன்று. பல ஊர்களிற் பல பேர் உழைத்த ஒரு முயற்சியில் அவரும் ஒரு கை கொடுத்தார். விஞ்ஞானம் பெரும்பாலும் அவ்வாறே நடைபெறுகின்றது. ஒருவரே அனைத்தையும் செய்தார் என்று கதை சொல்வது எளிது, உண்மையன்று.

தில்லியில் அவர் கோதுமைக்கு ஆற்றிய பணி பலரும் அறிந்தது. அமெரிக்க அறிஞர் நார்மன் போர்லாக் மெக்சிகோவில் வளர்த்த குட்டைக் கோதுமையை வருவித்து, நம் மண்ணுக்கு ஏற்ப ஆய்ந்து, உழவர் நிலத்திலேயே விளைத்துக் காட்டினர். 1964-இல் சுமார் 120 இலட்சம் டன்னாக இருந்த நாட்டின் கோதுமை விளைச்சல், 1968-இல் சுமார் 170 இலட்சம் டன் ஆயிற்று. அவ்வாண்டிலேயே, வெற்றியைக் கண்டு எல்லாரும் மகிழ்ந்திருந்த வேளையில், காசியில் கூடிய விஞ்ஞான மாநாட்டில் சுவாமிநாதன் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: மண்ணின் வளத்தைக் காவாமல் இடைவிடாது பயிரிட்டால் நிலம் பாழாகும் என்பது அது. தம் துறையின் வெற்றியைத் தாமே ஐயுற்று நோக்கும் திறம் கற்றவர்க்கு அழகு.

அவர் 2023 செப்டம்பர் 28-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். தஞ்சைக்கு அருகே ஈச்சங்கோட்டையிலுள்ள வேளாண்மைக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வரலாற்றில், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குப் பயன்படுவது அவர் பெற்ற பரிசுகள் அல்ல. பதினைந்து வயதில் அவர் தேர்ந்த வழி இறுதி வழியாக இருக்கவில்லை. பதினெட்டு வயதில் ஒரு கேள்வி வந்து அதனை மாற்றிற்று. அங்ஙனம் மாற்றிக்கொள்ள இயன்றமைக்கு ஒரு காரணம், அவர் கற்ற விலங்கியல் அவரை வேளாண்மையினின்றும் வெகுதூரம் கொண்டுபோய் விடவில்லை என்பது. ஆகவே, இளம்பருவத்தில் தெரிந்தெடுக்கும் பிரிவு எவ்வாயில்களைத் திறக்கின்றது என்பதோடு எவற்றை அடைக்கின்றது என்பதனையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கிய நாள்முதல், பதினோராம் வகுப்பிலேயே இப்பிரிவு தெரிதல் வந்துவிடுகின்றது. இரு மொழிப்பாடங்களோடு நான்கு பாடங்கள். இயற்பியலும் வேதியியலும் விஞ்ஞானப் பிரிவுகள் பலவற்றிற்கும் பொதுவானவை. எஞ்சிய இரண்டிலேதான் வேறுபாடு. கணிதத்தை விட்டுத் தாவரவியலும் விலங்கியலும் எடுத்தவர்க்குப் பொறியியல் வாயில் அடைபடும். உயிரியலை விட்டுக் கணினியை எடுத்தவர்க்கு மருத்துவமும் அதனைச் சார்ந்த படிப்புகளும் எளிதில் எட்டாதவை ஆகும். உள்ளம் இன்னும் ஒருவழிப்படாத பிள்ளைக்குக் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு பல வாயில்களைத் திறந்து வைக்கும். ஆனால் அதன் சுமை பெரிது. சுமக்க இயலாத பிள்ளையின் தலையில் அதனை ஏற்றிவிட்டு, ஈராண்டும் தேர்வுக்கு அஞ்சி நடுங்கச் செய்வதும் நன்றன்று. இதில் எல்லார்க்கும் பொருந்தும் விதி இல்லை.

மருத்துவத்தைப் பற்றி ஒரு சொல். 2017 முதல் தமிழ்நாட்டிலும் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை நீட் என்னும் நுழைவுத் தேர்வைச் சார்ந்து நிற்கின்றது. அத்தேர்வு தகுமா தகாதா என்பது ஆன்றோர் வழக்காடும் பொருள், அது நிற்க. மருத்துவம் ஒன்றே குறி என்று சேர்ந்து, இடம் கிடையாமல், ஓராண்டும் ஈராண்டும் வீட்டிலிருந்து மீண்டும் மீண்டும் அதே தேர்வை எழுதும் பிள்ளைகள் ஊர்தோறும் உளர். உயிரியலை மருத்துவக் கல்லூரியின் படிக்கட்டாக மட்டுமே கண்டவர்க்கு, படிக்கட்டு முடிந்த இடத்தில் கதவு மூடியிருந்தால் நிற்க இடமில்லை. உயிரியலையே விரும்பிக் கற்றவர்க்கு வேளாண்மை, மீன்வளம், கால்நடை, உணவுத் தொழில்நுட்பம் என வேறு வழிகள் கண்ணில் படும். தஞ்சையில் நெல் முதலிய விளைபொருள்களைப் பதப்படுத்தும் கலையைக் கற்பிக்கும் நிறுவனம் ஒன்று நெடுநாளாக இருந்து, 2021-இல் நாட்டின் சிறப்புமிக்க நிறுவனங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அதன் வாயிலைக் கடந்து பேருந்தில் நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுள் எத்தனை பேர் உள்ளே நடப்பது யாதென்று கேட்டிருப்பர்?

ஒரு பிள்ளைக்கு எப்பாடத்தில் உள்ளம் செல்கின்றது என்பதை அறிய மதிப்பெண் போதாது. நன்கு மனப்பாடம் செய்பவனுக்கு எல்லாப் பாடத்திலும் மதிப்பெண் வரும். அதனை அறிய உழவர் வீட்டிலேயே ஓர் உரைகல் உண்டு. விதைநெல்லைத் தரம் பிரிக்கையில் ஒரு பெரிய பாத்திரத்து நீரில் நல்ல முட்டை ஒன்றை இடுவர். முட்டை அடியில் அமிழும். சிறிது சிறிதாக உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மெல்ல எழும். அதன் மேற்புறம் 25 காசு அளவு நீருக்கு மேல் தெரியும்வரை உப்பிடுவர். (அந்நாணயம் 2011-இல் செல்லாக்காசாயிற்று, அளவு மட்டும் இன்னும் வழக்கில் நிற்கின்றது.) பின்னர் முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிற்று மணியும் மிதக்கும், திரண்ட மணி மூழ்கும். மிதப்பதை அரித்தெறிந்து, மூழ்கியதை நல்ல நீரில் இருமுறை மும்முறை அலசி எடுப்பர். அலசத் தவறினால் உப்பு முளையைக் கெடுக்கும்.

இந்த ஒரு பாத்திரத்தினுள் நான்கு பாடமும் கிடக்கின்றன. அமிழ்ந்த முட்டை எழுந்தது ஏன் என்பது இயற்பியல். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்த உப்பு நீரினுள் என்னவாயிற்று என்பது வேதியியல். கனத்த மணியின் நாற்று ஏன் வலிவுடையது, இலை விடும்வரை முளை எதனை உண்டு வாழ்கின்றது என்பது தாவரவியல். நூறு கிலோவில் மிதந்து கழிந்தது எவ்வளவு, அப்படியானால் ஒரு வேலிக்கு எவ்வளவு விதை வாங்குவது என்பது கணிதம். பாத்திரத்தருகே நின்ற பிள்ளை இவற்றுள் எதனைத் தானாகக் கேட்டது என்று பார்த்தல் வேண்டும். எதனையும் கேளாத பிள்ளையும் உண்டு. அதன் உள்ளம் வரலாற்றிலோ வணிகத்திலோ இருக்கக்கூடும். அப்பிள்ளையை விஞ்ஞானப் பிரிவில் தள்ளுதல் வீண்.

தஞ்சை நாட்டில் கேட்கப்படவேண்டிய கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. நாகப்பட்டினம், வேதாரணியம் பக்கங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாகி வருகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் நாட்கணக்கில் மூழ்கிக் கிடக்கின்றது. சாதாரண நெல் மூழ்கியதும் மேலே எட்டிப்பார்க்க விரைந்து நீண்டு, தன் சேமிப்பையெல்லாம் செலவிட்டு, நீர் வடிந்தபின் துவண்டு விழும். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றோ மூழ்கினால் வளர்ச்சியை அடக்கிச் சேமிப்பைக் காத்து, இரண்டு வாரம் வரை பொறுத்திருக்கும். அப்பண்புக்குக் காரணமான மரபணுவை அறிஞர் கண்டறிந்து 2006-இல் வெளியிட்டனர். தஞ்சை உழவர் விரும்பிப் பயிரிடும் சி. ஆர். 1009 என்னும் நெல்லிலும் அது சேர்க்கப்பட்டுள்ளது. இதனைச் செய்தவர்க்கு உயிரியல் மட்டும் போதவில்லை. வேதியியலும் கணக்கும் வேண்டியிருந்தன. இன்னும் எளிய ஒன்று: நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் நூற்றுக்குப் பதினேழுக்கு மேற்பட்டால் நெல்லை ஏற்பதில்லை. மழைக்காலத்தில் மூட்டைகளோடு காத்துக்கிடக்கும் உழவரின் துன்பம் அளவிடற்கரியது. அறுத்த நெல்லைக் குறைந்த செலவில் களத்திலேயே உலர்த்தும் கருவியை அமைப்பது ஒரு பொறியாளர்க்குச் சிறுமை தரும் பணியாகுமா?

ஒரே பாடத்தைக் கற்றவர் எல்லாரும் ஒரே முடிவுக்கு வருவர் என்பதும் இல்லை. தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் 1938-இல் பிறந்த நம்மாழ்வாரும் வேளாண்மையே பயின்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, 1963-இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கு நடந்த ஆராய்ச்சி ஏழை உழவனுக்குப் பயன்படவில்லை என்று கண்டு, 1969-இல் வேலையை விட்டார். பிற்காலத்தில் இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் எதிர்த்து, இயற்கை வேளாண்மைக்காக ஊர் ஊராக நடந்தார். சுவாமிநாதன் வழியும் இவர் வழியும் வேறு. எது சரி என்பதைக் கற்று ஆராய்ந்து முடிவு செய்யும் உரிமை இன்றைய மாணவர்க்கு உண்டு. கல்லாமல் முடிவு செய்யும் உரிமை எவர்க்கும் இல்லை.

‘கும்பகோணத்து இராமானுஜன் கணிதம் ஒன்றையே பிடித்து உலகப்புகழ் பெறவில்லையா? பிற பாடங்களை ஏன் கருதவேண்டும்?’ என்று கேட்கும் மாணவர் உளர். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்த அவர், பிற பாடங்களிற் கருத்தின்றித் தோற்று, அத்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் அவ்வாறே தோற்றார். பின்னர்ப் பல ஆண்டு வறுமையில் உழன்று, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை பெற்றார். அவர் தோற்றது அந்நாளையக் கல்வி முறையின் குறையே என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் பட்ட துன்பத்தை ஒரு வழிகாட்டியாகக் கொள்ளுதல் அறியாமை.

பெண்பிள்ளைக்கு ‘அருகிலுள்ள பள்ளியில் எந்தப் பிரிவு உண்டோ அது போதும்’ என்று முடிப்போர் இன்றும் இருக்கின்றனர். தஞ்சைக்கு அடுத்த புதுக்கோட்டையில், ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில், எதிர்ப்புக்கிடையே இடம்பெற்றுப் பயின்ற முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். நூறாண்டுக்கு மேல் கழிந்தபின் அப்பேச்சு எழலாமா?

பெற்றோர் செய்யத்தக்கது பெரிதன்று. விண்ணப்பம் நிரப்புமுன் பதினோராம் வகுப்புப் பாடநூல்களை ஒரு வாரம் இரவல் வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம். ஒவ்வொன்றிலும் முதற்பாடத்தைப் படிக்கச் சொல்லலாம். வேளாண்மை அலுவலரையும், மருத்துவமனைச் செவிலியரையும், மின்வாரியப் பொறியாளரையும் கண்டு, அவர்கள் காலை முதல் மாலை வரை உண்மையில் என்ன செய்கின்றனர் என்று கேட்கச் செய்யலாம். பதவியின் பெயரை விரும்புவோர் பலர். அப்பதவியின் அன்றாட வேலையை விரும்புவோர் சிலரே. கேட்டபின் பிள்ளை தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டால் சினவாதிருத்தலும் வேண்டும்.

குடமுருட்டிக் கரை வீட்டில் பெயர்த்தி அன்று மாலை மீண்டும் பாட்டனாரிடம் வந்தாள்.

“தாத்தா, கொள்முதல் நிலையத்தில் நெல்லை ஒரு கருவியில் போட்டதும் ஈரம் இத்தனை என்று காட்டுகிறதே, அது எப்படித் தெரிந்துகொள்கிறது?”

“எனக்குத் தெரியாது, அம்மா. நாற்பது ஆண்டாக நெல் போடுகிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று தோன்றவும் இல்லை.”

“நாளைக்கு அப்பாவுடன் நான் போய்க் கேட்கலாமா?”

“போய் வா.”

உள்ளே மேசைமேல் விண்ணப்பம் கிடந்தது. பிரிவு எழுதவேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது. பள்ளியில் கொடுக்கத் திங்கட்கிழமை வரை நாள் உண்டு.